காய்ந்த பிறகு கட்டுங்கள்

நெல்லுக்கு அரசு விலை இருக்கிறது, கொள்முதல் நிலையம் இருக்கிறது. வைக்கோலுக்கு அதெல்லாம் கிடையாது. அறுப்பு அன்றைக்கு வரப்பில் வந்து நிற்கிற வியாபாரி சொல்வதுதான் விலை. தை பிறந்து எங்கள் மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுப்பு மும்முரமாகும்போது, மெஷின் வயலைவிட்டுக் கரையேறுவதற்குள்ளேயே யாராவது வந்து "வைக்கலைக் கொடுத்துடுறீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் அறுக்கிற காலம் என்பதால் அப்போது மலிவாகத்தான் போகும். இங்கே ஏற்றுகிற லாரி கேரளாவுக்கும் போகிறது, கொங்குப் பக்கமும் போகிறது. அதே வைக்கோலை ஐப்பசி மழையில் மாட்டுக்கு இல்லையென்று தேடிக்கொண்டு அலைந்தால் தை மாத விலைக்கு ஒருவரும் தரமாட்டார்கள்.

அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான ஒரு அபிப்பிராயம் உண்டு. வீட்டில் இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்கள் ஒரு வருடத்துக்கான வைக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சம் இருந்தால்தான் விற்கவேண்டும். இதைச் சொன்னால் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "வச்சா கெட்டுப்போயிடுதே." கெட்டுப்போகிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை அது கொட்டகையில் கெடுவதைவிட, மெஷினில் உருளையாகக் கட்டுகிற அன்றைக்கே ஈரத்தை உள்ளே வைத்துக் கட்டிவிடுவதால் கெடுவதுதான் அதிகம். மழை பெய்து கூரை ஒழுகிக் கெட்ட உருளைகளை எண்ணினால், வயலிலேயே கெட்டு வீட்டுக்கு வந்த உருளைகள் அதைவிடக் கூடவே இருக்கும்.

முன்பு இந்தப் பிரச்சினை இந்த உருவத்தில் இல்லை. அரிவாளால் அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்து, அப்புறம் மாடு விட்டு மிதிக்கவைத்துத் தாம்பு ஓட்டி எடுத்த வைக்கோல் அது. வயலில் அரி போட்டுக் கிடந்தபோது ஒரு வெயில், களத்தில் உதறிப் போட்டபோது ஒரு வெயில், வைக்கோல்போர் போடுவதற்கு முன்னால் இன்னொரு வெயில் என்று அந்த வேலையின் போக்கிலேயே காய்ந்துவிடும். அதற்கென்று யாரும் தனியாக மெனக்கெடவில்லை.

போர் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரியும். எங்கள் தெருவில் அந்த வேலைக்கென்றே ஒரு தாத்தா இருந்தார். முதலில் களத்தின் மேட்டுப் பக்கமாக இடம் பார்ப்பார். கல்லை வைத்து, அதன்மேல் பனஞ்சட்டம் போட்டு, தென்னை மட்டையைப் பரப்பிய பிறகுதான் முதல் கை வைக்கோல் விழும். கீழே இருந்து ஒருவர் எடுத்தெடுத்து வீச, அவர் மேலே நின்று வாங்கி, வட்டமாகச் சுற்றிக்கொண்டே வைத்து மிதிப்பார். எந்த நேரத்திலும் நடுப்பகுதி ஓரத்தைவிட உயரமாக இருக்கவேண்டும். ஓரத்தில் வைக்கிற தாளின் முனை வெளிப்பக்கமாகக் கீழே சாய்ந்திருக்கும். போர் எழும்ப எழும்ப வயிற்றுப் பகுதியைக் கொஞ்சம் வெளியே தள்ளி, அதற்குமேல் குறுக்கிக்கொண்டே போய் முகட்டை முடிப்பார். மேலே விழுகிற தண்ணீர், கூரை வேய்ந்த கீற்றில் ஓடுவதுபோல, தாளின்மேலேயே வழிந்து அடியைத் தொடாமல் வெளியே சொட்டிவிடும். கடைசியில் வைக்கோலையே முறுக்கிப் புரி திரித்து, குறுக்கும் நெடுக்கும் போட்டு, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். ஐப்பசி கார்த்திகை அடைமழை முடிந்து போரைப் பிடுங்கினால் மேலே ஒரு சாண் கறுத்திருக்கும், உள்ளே பொன்னிறமாக இருக்கும்.

இப்போது அப்படிப் போர் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போடலாம், கையறுப்பு வைக்கோல் இருந்தால். அறுப்பு மெஷினில் வருகிற வைக்கோல் வேறு ஜாதி. தாள் ஒடிந்து நசுங்கி, நீளம் குறைந்து, கண்ட திசையில் குழம்பிக் கிடக்கும். தாள் ஒரே பக்கமாகப் படுத்தால்தானே தண்ணீர் வழியும்? மெஷின் வைக்கோலைப் போராக அம்பாரம் போட்டால் மழை நேரே நடுவுக்கு இறங்கிவிடும். மாட்டுக்கு அது மென்மையாக இருக்கிறது, விரும்பித் தின்கிறது, அது உண்மை. போர் மட்டும் நிற்காது. அறுக்க ஆள் கிடைக்காமல் மெஷின் வந்தது, மெஷின் வைக்கோல் போருக்கு ஆகாமல் உருளை கட்டுகிற மெஷின் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போர் தனக்குக் கூரையைத் தானே வைத்துக்கொண்டது, உருளைக்குக் கூரையை நாம் வைக்கவேண்டும். காயவைப்பதும் அப்படித்தான், இப்போது நாம்தான் நின்று பார்க்கவேண்டும்.

கட்டுகிற மெஷினைப் பார்க்காதவர்களுக்காக: டிராக்டரின் பின்னால் மாட்டி, அதன் பின்புறச் சுழல்தண்டின் (பி.டி.ஓ.) சுழற்சியில் ஓடுகிற பெட்டி அது. முன்பக்கம் கம்பிப் பற்கள் சுழன்று, வயலில் வரிசையாகக் கிடக்கிற வைக்கோலை வாரி உள்ளே தள்ளும். உள்ளே சங்கிலியில் ஓடுகிற குழாய்கள் அதை உருட்டி உருட்டி இறுக்கும். நிறைந்தவுடன் சத்தம் கேட்கும். ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார், கயிறு தானாகச் சுற்றும், பின்கதவு திறந்து உருளை வயலில் விழும். இரண்டடி விட்டம், மூன்றடி நீளம். காய்ந்த வைக்கோலாக இருந்தால் ஒன்று 15 முதல் 18 கிலோ வரை வரும். எங்கள் பக்கம் ஏக்கருக்கு 30, 40 உருளை விழுகிறது. பெல்ட் சக்கரத்தில் ஓடுகிற அறுப்பு மெஷின் சேற்றில் உழப்பிய வயலாக இருந்தால் இன்னும் குறையும்.

உருளைக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதால் ஓட்டுகிறவருக்கு எண்ணிக்கைதான் கணக்கு. ஈரமாக இருந்தாலும் அவருக்கு அதே கூலிதான். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை, அந்த சீசன் சில வாரம்தான், அதற்குள் மெஷின் கடனைப் பார்க்கவேண்டும். ஆகவே நம் வயலில் எப்போது இறங்குவது என்று தீர்மானிக்கிற வேலை நம்முடையது. இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. "அண்ணே, பக்கத்து வயலுக்கு வந்திருக்கேன், அப்படியே உங்களுதையும் போட்டுடவா?" என்று கேட்பார்கள். ஏறக்குறைய எல்லா கெட்ட உருளையும் இந்த ஒரு கேள்விக்குச் சரி என்று சொன்னதில் ஆரம்பித்ததுதான். "தம்பி, நாளைக்கு உச்சிப்பொழுதுக்கு வாங்க" என்று சொல்லிவிடுங்கள். வரவில்லையென்றால் வேறொருவர் வருவார்.

நெல் முற்றிப் பழுத்திருந்தாலும் தாள் பச்சையாகத்தான் இருக்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை. மணி காய்கிற வேகத்தில் தாள் காயாது, அறுக்கிற அன்று அதன் எடையில் பாதிக்குமேல் தண்ணீராக இருக்கக்கூடும். பத்திரமாக வைக்கவேண்டுமானால் அந்த ஈரம் 15 சதவீதத்துக்குள் வரவேண்டும், 20ஐத் தாண்டிக் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். தை வெயிலில், தரை காய்ந்த வயலில், இரண்டு மூன்று நாள் கிடந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் மெஷின் கொட்டிவிட்டுப் போன வரிசை கனமாகக் கிடந்தால் மேலே மொறுமொறு என்றும் அடியில் சொதசொத என்றும் இருக்கும். ஆளை விட்டு ஒரு தரம் புரட்டிப் போடவேண்டும். சம்பா தாளை அடியோடு அறுக்காமல் கொஞ்சம் உயர்த்தி அறுக்கச் சொன்னால் அந்தத் தாள்கட்டை வைக்கோலைத் தரையில் படாமல் தாங்கிக்கொள்ளும், காற்று அடியில் ஓடும். நாலு உருளை குறையலாம், கிடைக்கிற உருளை நன்றாக இருக்கும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? மேலே தொட்டுப் பார்த்துச் சொல்லக்கூடாது. வரிசையின் அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுங்கள். இரண்டு கையாலும் முறுக்கினால் படபடவென்று ஒடியவேண்டும், கயிறாகத் திரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்புறம் கணுவைப் பாருங்கள். தாளில் கடைசியாகக் காய்வது கணுதான். நகத்தால் அழுத்தினால் நசுங்கிப் பச்சை தெரிந்தாலோ விரலில் ஈரம் பிசுபிசுத்தாலோ கட்டாதீர்கள். உப்பு வைத்துப் பார்க்கிற முறையும் உண்டு. வைக்கோலைப் பொடியாக நறுக்கி, உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு, ஒரு கரண்டி உப்புச் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் குலுக்கவேண்டும். உப்பு உதிரியாகவே இருந்தால் கட்டலாம், ஈரம் ஏறிக் கட்டிப்பட்டால் காத்திருக்கவேண்டும். நம் ஊர் உப்பு பொட்டலத்திலேயே ஈரமாக இருப்பதால், வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்து எடுத்துக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் சோதனை தப்பாகச் சொல்லும்.

அதற்குமேல் பனி இருக்கிறது. தை மாசிப் பனி லேசுப்பட்டதில்லை, முந்தின நாள் சருகாகக் காய்ந்த வைக்கோலும் காலையில் போய்ப் பார்த்தால் துவண்டு கிடக்கும். காலை பத்து, பதினொன்று வரை மெஷினை வயலில் இறக்கக்கூடாது. சாயங்காலம் வெயில் இறங்கி மூஞ்சியில் குளிர் தட்டுகிற நேரத்தில் நிறுத்திவிடவேண்டும். நடுவில் கிடைக்கிற ஐந்தாறு மணி நேரம்தான் கட்டுகிற நேரம்.

இவ்வளவு காத்திருக்க விடாமல் நம்மை அவசரப்படுத்துகிற இன்னொன்று டெல்டாவில் உண்டு, உளுந்து. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்னால் நிற்கிற சம்பாப் பயிருக்குள்ளேயே உளுந்தோ பயறோ தெளித்துவிடுவது எங்கள் வழக்கம். வயலில் மிச்சமிருக்கிற ஈரத்திலும் இறங்குகிற பனியிலும் அது முளைத்து வந்துவிடும். வைக்கோல் நாள்கணக்கில் மேலே கிடந்தால் முளை வெளுத்துச் செத்துப்போகும். மெஷினும் டிராக்டரும் மாறி மாறி ஓடினால் மிதிபட்டுப் போகும். காயவும் வேண்டும், சீக்கிரம் எடுக்கவும் வேண்டும். நான் செய்வது இதுதான்: மாட்டுக்கு வேண்டிய வைக்கோலுக்கென்று மேட்டுப்பாங்கான, தண்ணீர் முதலில் வடிகிற வயலாக ஒதுக்கி, அதில் உளுந்து தெளிப்பதில்லை. உளுந்து தெளித்த வயல்களில் வைக்கோலை வாரி வரப்போரமும் திடலிலும் பரப்பிக் காயவைக்கிறோம், ஆள் கூலி ஆகிறது, அந்த வைக்கோலைத்தான் முதலில் தின்னவும் கொடுத்துவிடுகிறோம். உளுந்து நஷ்டப்பட்டால் பணம் மட்டுமா போகிறது, உளுந்தங்கொடியும் போகிறது. வைக்கோலைவிட அதில் புரதம் அதிகம், மாடுகள் போட்டி போட்டுத் தின்னும்.

ஈரத்தோடு கட்டிய உருளைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முதலில் நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு கிளம்பும். இறுக்கிக் கட்டிய உருளை என்பதால் சூடு வெளியேறாது. உருளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால் இன்னும் ஏறும். பசும்புல்லைக் காயவைத்துக் கட்டுகிற நாடுகளில் இந்தச் சூடு 70 டிகிரியைத் தாண்டி, நுண்ணுயிரெல்லாம் செத்த பிறகும் வேதிவினையாகத் தொடர்ந்து, யாரும் நெருப்பு வைக்காமலே கொட்டகைகள் எரிந்திருக்கின்றன. வைக்கோலில் சர்க்கரைச் சத்து குறைவு என்பதால் அந்த அளவுக்குப் போவது அரிது. ஆனால் புதிதாக அடுக்கிய முதல் சில வாரம் ஒரு கடப்பாரையை அடுக்கின் நடுவில் சொருகி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கவனிக்கவேண்டும். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் அடுக்கை அவசரப்பட்டுக் கலைக்காதீர்கள், திடீரென்று காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். தண்ணீரும் ஆட்களும் கையில் இருக்கும்போதுதான், தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லிவிட்டு, பிரிக்கவேண்டும்.

தீ வராவிட்டாலும் பூஞ்சை வரும். உருளையை வெட்டிப் பிரித்தால் நடுவில் வெள்ளையாக, சில சமயம் கறுப்பாக, சாம்பல் மாதிரி தூள் பறக்கும், ஒரு முடைநாற்றம் மூக்கில் ஏறும். "மாடு தின்னுதே, தின்னட்டும்" என்று போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. டெக்னாலா நோய் என்று ஒன்று உண்டு, இப்போதைய பாகிஸ்தானில் உள்ள டெக் நாலா என்ற ஓடையை ஒட்டிய பகுதியில் முதலில் கண்டதால் அந்தப் பெயர். பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்ற எருமைகளுக்கும் மாடுகளுக்கும் காது நுனி, வால் நுனி, குளம்பு என்று அழுகிக் கறுத்து விழுந்துவிடும். வட இந்தியாவில் குளிர்காலத்தில் அதிகம் பார்க்கிற நோய் அது. நம் பக்கம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், பூஞ்சை நஞ்சில் சிலது பாலில் இறங்குகிறது, அந்தப் பாலை நம் பிள்ளைகள்தான் குடிக்கிறார்கள். மனிதருக்கும் அந்தத் தூள் ஆகாது, வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெடும். நடுவில் பூஞ்சை இருக்கிற உருளையை நான் மொத்தமாகக் குப்பைக்குழிக்கு அனுப்பிவிடுவேன். ஓரத்தை மட்டும் பிய்த்துப் போடுகிற வேலையே வேண்டாம்.

சரி, நன்றாகக் காய்ந்ததைக் கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டிய உடனே வீட்டுக்குக் கொண்டுவந்து நெருக்கி அடுக்கிவிடாதீர்கள். திடலில் இடம்விட்டு நிறுத்திவைத்து, சாயங்காலம் பனிக்கு மேலே தார்ப்பாய் போட்டு, காலையில் எடுத்து, இரண்டு மூன்று வெயில் காட்டியபிறகு உள்ளே ஏற்றுங்கள். தூக்கும்போது கயிற்றை மட்டும் பிடித்துத் தூக்கக்கூடாது. ஒரு சுற்று நழுவினால் உருளை தளர்ந்து, அடுக்கில் அதுதான் சரியும். இரண்டு ஆள் இரண்டு முனையில் பிடிப்பது உடம்புக்கும் நல்லது உருளைக்கும் நல்லது. முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மூக்கை மூடி இன்னொரு துண்டு. வைக்கோல் அரிப்பு இரவெல்லாம் தூங்கவிடாது. டிராக்டரில் உயரமாக ஏற்றிக்கொண்டு வரும்போது ஒருவர் முன்னால் நடந்து மின்கம்பியைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். தாழ்ந்த கம்பி உரசி வைக்கோல் வண்டி எரிந்த செய்தி வராத வருடமே இல்லை.

கொட்டகைக் கணக்கு எளிது. பசும்புல்லும் தீவனமும் கொடுக்கிற வீட்டில் ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ வைக்கோல் என்று வைத்தால், வருடத்துக்கு ஏறக்குறைய 1,800 கிலோ, அதாவது 100 முதல் 120 உருளை. மூன்று மாட்டுக்கு 350 உருளை. 20 அடிக்கு 25 அடி இடத்தில், சுற்றிலும் சுவரோரம் ஒரு அடி விட்டு, 10 அடி உயரம் அடுக்கினால் அடங்கிவிடும். தரையிலிருந்துதான் முதல் எதிரி வரும். சிமெண்ட் தரையாக இருந்தாலும் அதன்மேல் நேராக வைக்காதீர்கள், கீழிருந்து ஈரம் ஏறி அடி வரிசை முழுக்கக் கறுத்துவிடும். செங்கல் வைத்துப் பனஞ்சட்டமோ சவுக்குக் கழியோ போட்டு அரையடி தூக்கிவிட்டால் காற்று ஓடும், எலி வளை பறிப்பதும் தெரியும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். நல்ல பாம்பும் விரியனும் எங்கள் பக்கம் வைக்கோலில் சர்வ சாதாரணம், அதனால் உருளையை எடுக்கும் முன் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையை வைக்கவேண்டும். இருட்டில் வெறுங்கையை விட்டுத் துழாவவே கூடாது. பிள்ளைகளை அடுக்கின்மேல் ஏறி விளையாட விடாதீர்கள். வட்ட உருளை, ஒன்று நகர்ந்தால் மேலே இருப்பதெல்லாம் வரும்.

கொட்டகை கட்ட வசதி இல்லாதவர்கள் தார்ப்பாயை நம்புகிறார்கள். தார்ப்பாய் நல்லதுதான், ஆனால் அடியிலிருந்து நுனிவரை இறுகப் போர்த்திக் கட்டிவிட்டால் பகல் வெயிலில் உள்ளே வேர்த்து, இரவில் அந்த வேர்வை மேல் வரிசையில் சொட்டும். முகடு வைத்து அடுக்கி, மேலே மட்டும் போர்த்தி, இரண்டு முனையையும் திறந்துவிடவேண்டும். மழை விட்டு வெயில் வந்த நாளில் தார்ப்பாயைச் சுருட்டிவிடவேண்டும், இதற்குச் சோம்பல்பட்டால் தார்ப்பாய் வாங்கிய காசு வீண்.

வைக்கோலை ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்பதை 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. கூரைத் தகடு பறந்த கொட்டகையில் இருந்ததெல்லாம் நனைந்தது. மனிதருக்குச் சோறு வந்த பிறகும் மாட்டுக்கு என்ன போடுவது என்று தெரியாமல் எத்தனையோ பேர் விழுந்து கிடந்த வாழையையும் தென்னங்கீற்றையும் வெட்டிப் போட்டார்கள். அதிலிருந்து மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு பங்கு, திடலில் ஒரு பங்கு என்று பிரித்துத்தான் வைக்கிறோம். தீக்கும் இது காப்பு. இரண்டு இடமும் அடுப்படியிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் தள்ளி இருக்கவேண்டும். தீபாவளி ராக்கெட்டும் கார்த்திகைச் சொக்கப்பனையும் வருகிற மாதங்கள் இதே மாதங்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

கயிற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சிலர் சணலில் கட்டுகிறார்கள், சிலர் நைலானில். சணலை எலி கடிக்கும், ஆனால் ஒரு துண்டு மாட்டின் வயிற்றுக்குள் போனாலும் மக்கிப்போகும். நைலான் மக்காது, வயிற்றிலேயே தங்கிச் சுருண்டு அடைக்கும். நம் மாடுகள் என்ன கொடுத்தாலும் வளைத்து உள்ளே இழுத்துவிடுகிற நாக்கு படைத்தவை. உருளையைப் பிரிக்கும்போது கயிற்றை ஒரே இடத்தில் அறுத்து, முழுதாக உருவி, உடனே ஆணியில் மாட்டிவிடவேண்டும். ஆணியில் தொங்குகிற கயிறும் பிரித்த உருளையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் அம்மா ஏற்படுத்தியது. கணக்கு உதைத்தால் தொட்டியில் இருக்கிற வைக்கோலை முழுக்கக் கொட்டித் தேடுவார்.

குறுவை வைக்கோலுக்கு இதெல்லாம் பொருந்தாது. புரட்டாசி ஐப்பசியில் அறுக்கும்போது வானம் எப்போதும் கறுத்துத்தான் இருக்கும், இரண்டு வெயில் சேர்ந்தாற்போல் கிடைக்காது. அதைக் கட்டி வைக்காதீர்கள் என்பது என் தீர்மானமான கருத்து. வேண்டிய அளவு பச்சையாகவே வாரிவந்து அன்றன்றைக்குப் போடுங்கள், மற்றதை வயலிலேயே மடக்கி உழுதுவிடுங்கள். ஒரு டன் வைக்கோல் வெளியே போனால் அதோடு 12 கிலோவுக்குக் குறையாமல் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) வயலைவிட்டுப் போகிறது. பயிர் எடுக்கிற சாம்பல் சத்தில் பெரும்பங்கு தாளில்தான் தங்குகிறது, நெல்மணியில் கொஞ்சம்தான். வருடத்தில் இரண்டு போகத்து வைக்கோலையும் விற்றுவிட்டு, பொட்டாஷ் மூட்டை விலை ஏறிவிட்டது என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. சம்பா மாட்டுக்கு, குறுவை மண்ணுக்கு என்று பிரித்துக்கொள்வது இரண்டுக்கும் நியாயம்.

வைத்த வைக்கோலை எப்படிக் கொடுப்பது என்று கேட்டால், வைக்கோல் வயிற்றை நிரப்பும், சத்து அதில் குறைவு. புரதம் 3, 4 சதவீதம்தான், சிலிக்கா என்கிற மணல் சத்து அதிகம், வைக்கோலிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு சுண்ணாம்புச் சத்தை மாட்டுக்குக் கிடைக்கவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் தாது உப்புக் கலவை கட்டாயம். தண்ணீர் தெளித்துக் கொடுத்தால் தூசி அடங்கும். பசுந்தீவனம் சுத்தமாக இல்லாத சித்திரை வைகாசியில் யூரியா ஊட்டமேற்றிக் கொடுக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர். கரைசலை அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, 21 நாள் கழித்துத் திறக்கவேண்டும். எடுத்த வைக்கோலைப் பரப்பி அம்மோனியா நெடி போனபிறகு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கவேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கூடாது, கரைசலை மாடு குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், அது உயிருக்கே ஆபத்து. புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, வேலை கொஞ்சம்தான், ஆனாலும் ஏனோ செய்பவர்கள் குறைவு. கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை நேரில் செய்துகாட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்கழி முடிகிற சமயத்தில் கொட்டகையில் பழைய உருளை பத்து இருபது மிஞ்சியிருக்கும். புதிது வந்தவுடன் அதன் பின்னால் பழையது மாட்டிக்கொண்டு மூன்று வருடம் கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். புது வைக்கோல் ஏற்றும் முன் பழையதை முழுக்க வெளியே எடுத்து, சட்டங்களைத் தூக்கி அடியில் கூட்டி, எலி வளையை அடைத்து, தரைக்கு ஒரு நாள் வெயில் காட்டுங்கள். பழையதில் நன்றாக இருப்பதை வாசல் பக்கம் வைத்து முதலில் தீர்த்துவிடுங்கள். நிறம் மங்கி மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வதைத் தென்னைக்குப் போடுங்கள், மரத்தைச் சுற்றிப் பாத்தியில் அரையடி கனத்துக்குப் பரப்பினால் மாசி பங்குனியில் இரண்டு தண்ணீர் மிச்சமாகும்.